படத்துக்கும் பாட்டுக்கும்

பதினோராவது ஸ்பீக்கர் ஜோடியைத் தள்ளுவண்டியில் வைத்து மெல்வின் கடையின் உள்ளறைக்கு உருட்டிக்கொண்டு வந்தபோது, பூன் கியாட்டுக்குப் பேசாமல் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்றிருந்தது. போகவும் வழியில்லை. இடது பக்க நாற்காலியில் மனைவி எங் உட்கார்ந்திருந்தாள். கைப்பையை மடியில் வைத்து, கிளினிக்கில் நம்பர் கூப்பிடக் காத்திருப்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

"கியாட் கோ, இதுவும் பிடிக்கலைன்னா கடையை மூடிட்டு நான் கோழிச்சோறு விக்கப் போயிடுவேன், இப்பவே சொல்லிட்டேன்," என்றான் மெல்வின். கோ என்றால் அண்ணன். கூடப்பிறந்த அண்ணன் இல்லை, பதினெட்டு வருடமாக இந்தக் கடைக்கு வந்துபோனதில் ஒட்டிக்கொண்ட அண்ணன்.

"சோறு வித்தா மட்டும் தப்பிச்சிடுவியா தம்பி?" என்றாள் எங். "ஒரு வாய் சாப்பிட்டுட்டு, அரிசி மூக்கடைச்சாப்ல இருக்கு, வேற அரிசி போட்டுக் காட்டுன்னு சொல்வாரு உன் அண்ணன்."

மெல்வின் சிரித்தான். கியாட்டும் சிரித்துவைத்தார். ஐந்து மாதமாகச் சனிக்கிழமை தவறாமல் நடக்கிற கூத்து இது. டோ பாயோ வீட்டிலிருந்து ரயில் ஏறி நகரத்துக்கு வருவார்கள். நாலு மாடிக் கடைத்தொகுதியில், மாடிக்கு மாடி ஸ்பீக்கர் கடைகள். எல்லாக் கடையும் ஏறி இறங்கியாகிவிட்டது. ஒரு ஜோடியின் பாஸுக்கு, அதாவது கனத்த அடிச்சத்தத்துக்கு, தொப்பை விழுந்திருக்கிறது என்றார். இன்னொன்றில் தாளம் பித்தளைத் தட்டு மாதிரிக் கேட்கிறது என்றார். மற்றொன்று பாட்டுக்குத் தேன், படத்துக்குத் தண்டம். வேறொன்றில் குண்டு வெடித்தால் ஜன்னல் அதிர்கிறது, பெண் பாடினால் ரேடியோ செய்தி வாசிப்பதுபோல இருக்கிறது. குறை சொல்வதற்கு அவரிடம் வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை.

உண்மையான குறை ஒன்றே ஒன்றுதான். அது ஸ்பீக்கரில் இல்லை.

ஜனவரி மாதம், சீனப் புத்தாண்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது, காலையில் எழுந்தவருக்கு வலது காது அடைத்திருந்தது. குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும் என்று நினைத்தார். "டாக்டரைப் போய்ப் பாரு," என்று எங் அன்றைக்கே சொன்னாள். மறுநாளும் சொன்னாள். "காதுல அழுக்கு அடைச்சா அதுக்கு ஒரு டாக்டரா? ரெண்டு நாள்ல தானாத் திறந்துக்கும்," என்று எரிந்து விழுந்தார். மூன்று வாரம் கழித்து, அவளுக்குத் தெரியாமல் தனியாகப் போனார். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, சோதனை அறையில் உட்கார வைத்து பீப் பீப் என்று சத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டு, அந்த இளம் டாக்டர் பெண் மெதுவாகச் சொன்னாள்: உள்ளே நரம்பு போய்விட்டது அங்கிள், முதல் சில நாளிலேயே வந்திருந்தால் மாத்திரை கொடுத்துப் பார்த்திருக்கலாம். அவர் இடது காதைக் கொடுத்து அதைக் கேட்டார்.

அதைப் போய் மனைவியிடம் எப்படிச் சொல்வது? சொன்ன பேச்சைக் கேட்காமல் கெடுத்துக்கொண்டது. அதோடு ஊர் முழுக்கத் தங்கக்காது என்று பெயர் வேறு. லிஃப்ட் பழுதுபார்க்கிற கம்பெனியில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். ஓடுகிற லிஃப்டின் உறுமலைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பாட்டுப் பைத்தியமான கூட்டாளிகள் புதிதாக எது வாங்கினாலும் முதலில் அவரைக் கூட்டிப்போய்க் கேட்கச் சொல்வார்கள். சாப்பாடு வாங்கிக் கொடுத்து, அவர் வாயிலிருந்து ஒரு 'பரவாயில்லை' வாங்கிக்கொண்டு போவார்கள். இப்போது அந்த அழைப்புகளையெல்லாம் முதுகுவலி என்று சொல்லித் தட்டிக்கழித்து வருகிறார்.

ஆக எட்டு மாதமாக மறைத்தாகிறது. மறைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று மறைத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். உணவுக்கடையில் வலது பக்கம் சுவர் வருகிற மாதிரி இடம் தேட வேண்டும். நாலு பேர் பேசினால் வாயைப் பார்க்க வேண்டும். கேட்காததற்கெல்லாம் ஒரு 'ம்' போட வேண்டும். பொதுவாக 'ம்' சொன்னால் போதும். மனிதர்கள் பாதி நேரம் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். சாயங்காலம் ஆனால், ஏதோ சிமெண்டு மூட்டை தூக்கியவர் மாதிரி உடம்பு ஓய்ந்துபோகும்.

இந்த ஸ்பீக்கர் விவகாரம் காது போவதற்கு முன்பே பேசி வைத்தது. ஓய்வு பெற்றதும் நல்லதாக ஒரு ஜோடி வாங்கிக்கொள்வது என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் யி சுவான் கல்யாணமாகிப் புங்கோலுக்குப் போனபிறகு வீட்டில் இரண்டே பேர். கூடம் ஒன்று, சோபா ஒன்று. ஐந்து பெட்டியும் அறை முழுக்க வயரும் வைக்க இடமில்லை. அதனால் டிவிக்கு இரண்டு பக்கமும் ஒரே ஜோடி. காலையில் அவருக்குப் பாட்டு, சாயங்காலம் அவளுக்கு நாடகமும் படமும். இரண்டுக்கும் ஒன்றே பொருந்த வேண்டும். இது அவர் போட்ட கணக்கு. பழைய ஜோடியை மார்ச் மாதமே ஒரு கூட்டாளிக்குக் கொடுத்தும் விட்டார். இனி வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

வேண்டாம் என்று சொல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை நினைத்தால் அவருக்கே வெட்கமாக இருக்கும். நல்ல ஜோடி முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்தால், பாடுகிறவள் இரண்டு பெட்டிக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத வெற்றிடத்தில் வந்து நிற்பாள். மூச்சு வாங்குவது தெரியும். அப்படி அவளை நிற்க வைப்பது பெட்டிகள் இல்லை, கேட்கிறவனின் இரண்டு காதுகளும் சேர்ந்துதான். ஒரு காது போனால் அவள் நடுவில் நிற்கமாட்டாள். பாட்டு இருக்கும், அவள் இருக்கமாட்டாள். இது அவருடைய அறிவுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு ஜோடிக்கும் முன்னால் போய் உட்காரும்போது, இந்தப் பெட்டிக்காவது அவள் வருவாளா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வரவில்லை. பத்து ஜோடியிலும் வரவில்லை.

மெல்வின் பெட்டிகளைத் தாங்கியில் ஏற்றி வைத்துவிட்டுப் பின்னால் குனிந்து வயரை மாட்டினான். நடுவே கைப்பேசி அடித்தது. தோளுக்கும் காதுக்கும் இடையே அதை இடுக்கிக்கொண்டு, யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மாட்டினான். அவனுக்கும் காலையிலிருந்து நின்று நின்று கால் கடுத்திருக்கும்.

"இது எப்படி தம்பி, படத்துக்கு ஒத்துவருமா?" என்று கியாட் கேட்டார்.

"படத்தை விடேன்," என்றாள் எங். "உனக்குப் பாட்டு நல்லாக் கேட்டாப் போதும். படத்தைக் கட்டிக்கிட்டு ஏன் அழற?"

"எனக்கு மட்டும் இல்லையே, உனக்கும் சேர்த்துத்தானே?"

"எனக்கு ஒண்ணும் வேணாம். நீ எடுத்து முடி. இந்த மாசத்துக்குள்ள முடி."

கொஞ்ச நாளாகவே இப்படித்தான் சொல்கிறாள். ஆரம்பத்தில், நாடகத்தில் மாமியார் முணுமுணுத்துத் திட்டுவதுகூடத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று ஆசையாகக் கடைகடையாகக் கேட்டவள் அவள்தான். இடையில் எப்போதோ அந்த ஆசை விட்டுப்போயிருந்தது. அலுத்துவிட்டது போல, நான் படுத்துகிற பாட்டுக்கு யாருக்குத்தான் அலுக்காது என்று அவர் விட்டுவிட்டார்.

"நான் போனைப் பேசிட்டு வந்துடறேன் கோ. உங்க பாட்டே போட்டிருக்கேன்," என்று சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு மெல்வின் வெளியே போனான்.

பாட்டு ஆரம்பித்தது. தைவானில் ஐம்பது வருடம் முன்பு பதிவானது. ஒரு பெண், ஒரு கிடார், தூரத்தில் இரண்டு வயலின். ஆயிரம் தடவை கேட்டிருப்பார். கண்ணை மூடினார். பாஸ் மெலிந்திருந்தது. எட்டு மாதமாக எல்லாமே மெலிந்துதான் இருக்கிறது. குரல் வந்தது. அவள் வரவில்லை. திடீரென்று அவருக்கு எல்லாமே போதும் என்று ஆகிவிட்டது. இனி ஒரு கடை ஏற முடியாது. இன்னொரு குறை கண்டுபிடிக்க முடியாது. இதையே வாங்கிக் கொண்டுபோய்க் கூடத்தில் வைத்து, நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று சாகிறவரை சொல்லிவிட்டுப் போகலாம்.

"இதையே எடுத்துக்கலாம்," என்றார்.

எங் முகத்தைச் சுளித்துக்கொண்டு தலையைத் தொட்டாள். "இதையா? என்ன கண்றாவி இது? பாடறவ எங்க போனா? குரல் முன்னாடியும் வரல, பின்னாடியும் வரல, என் பிடரிக்குள்ள புகுந்துக்கிட்டு என்னமோ பண்ணுது. எனக்குத் தலை சுத்துது."

"உனக்கு என்ன தெரியும் இதைப் பத்தி?" சலிப்பில் சத்தமாகவே சொன்னார். "கண்ணை மூடிக் கேளு. நடுவுல எவ்வளவு அழகா நிக்கறா. கை நீட்டினாத் தொடலாம் போல நிக்கறா."

எங் பெட்டிகளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கதவு திறந்தது. உள்ளே கால் வைத்த மெல்வின் இரண்டு விநாடி அப்படியே நின்றான். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டு பெட்டிகளின் பின்னால் ஓடினான்.

"ஐயோ! ஒரு பெட்டியில சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மாத்திச் சொருகியிருக்கேன் கோ! ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுக்குது. குரல் எங்க நிக்கும்? நேத்து வேலைக்குச் சேர்ந்தவன்கூட இந்தத் தப்பைப் பண்ணமாட்டான்." எழுந்து அவரைப் பார்த்துச் சிரித்தான். "நீங்களும் வாயே திறக்காம உக்காந்திருக்கீங்களே! என்னைச் சோதனை பண்றீங்களா? தங்கக்காதை ஏமாத்த முடியுமா?"

தப்பிக்க ஒரு சந்து கிடைத்தது. கியாட் அதில் நுழைந்தார். "நீ எப்பக் கண்டுபிடிப்பேன்னு பாத்தேன்," என்றார். குரல் அவருக்கே திருட்டுக்குரலாகக் கேட்டது.

மெல்வின் வயரை மாற்றிச் சொருகிவிட்டு நிமிர்ந்தான். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அவன் எதையோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நிறுத்தினான். அவருடைய தோளுக்கு மேலாக, வலது பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அவன் எதைப் பார்த்துப் பேயறைந்தவன்போல நிற்கிறான் என்று கியாட் திரும்பினார்.

எங் நாற்காலியிலிருந்து எழுந்து அவருடைய வலது தோளுக்கு ஒரு சாண் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. அவர் திரும்பியதும் நிறுத்தினாள்.

"என்ன சொன்ன?" என்று கேட்டார்.

"உன் பேரைத்தான், மூணு தடவை சொன்னேன்," என்றாள் எங். "தம்பி, பாட்டை நிறுத்து. நிறுத்திட்டுக் கீழ போய் எங்களுக்குக் கோப்பி வாங்கிட்டு வா. அவருக்குப் பால் வேணாம், சர்க்கரை வேணாம். மெதுவாவே வா."

மெல்வின் கோப்பிக்குப் போனான். அந்த அறைச் சுவர் முழுக்கப் பஞ்சு அடைத்திருந்தார்கள். கதவைச் சாத்தினால் வெளியே உலகம் இருப்பதே தெரியாது. எங் நாற்காலியைத் தூக்கி அவருக்கு எதிரே போட்டு, முழங்காலும் முழங்காலும் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தாள்.

"எந்தக் காது?"

பொய் சொல்லப் பார்த்து, முடியாமல் விட்டார். வலது காதைத் தொட்டுக் காட்டினார்.

"எப்பலேர்ந்து?"

"புத்தாண்டுக்கு முன்னாடி."

"நான் டாக்டர்கிட்டப் போகச் சொன்னேனே, அன்னிக்கா?"

"அன்னிக்குத்தான்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தினால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவள் விரல் விட்டு எதையோ எண்ணினாள். ஜனவரியிலிருந்து எண்ணி, ஒரு விரலில் வந்து நின்றாள்.

"ஜூன் மாசம்," என்றாள். "அந்தப் பள்ளி விடுமுறையில ஒரு நாள் மழை கொட்டிச்சே, அன்னிக்குச் சாயங்காலம். சோபாவுல உக்காந்திருந்தோம். நான் உன் வலது பக்கம். எப்பவும் அங்கதானே உக்காருவேன். டிவியில நாடகம் ஓடுது. அப்ப உன்னை ஒண்ணு கேட்டேன். என்ன கேட்டேன்னு சொல்லு பாப்போம்."

கியாட் யோசித்தார். மழை ஞாபகம் வந்தது. நாடகம்கூடக் கொஞ்சம் ஞாபகம் வந்தது. அவள் கேட்டது வரவில்லை. வராது. இல்லாததை எங்கே போய்த் தேடுவது?

"தெரியல, எங்."

"யி சுவான் கூப்பிடறா, குழந்தை பிறந்ததும் வந்து கூடவே இருந்துடு மா, உனக்குன்னு ஒரு அறை ஒதுக்கியிருக்கேன்னு சொல்றா, நான் அங்கேயே போய் இருந்துடட்டுமான்னு கேட்டேன். ஒரு மாசத்துக்கு இல்ல. அங்கேயே. நீ டிவியைப் பாத்துக்கிட்டே 'ம்'னு சொன்ன."

கியாட்டுக்கு மகளின் போன் ஞாபகம் வந்தது. கட்டில் வாங்கியிருக்கிறோம், அம்மா அக்டோபர் முதல் தேதி வந்துவிடுவாள் என்று மகள் போனில் சொன்னபோது, பிரசவம் முடிந்து ஒரு மாதம் பார்த்துக்கொள்ளப் போகிறாள் என்றுதான் நினைத்திருந்தார். எல்லா வீட்டிலும் நடப்பதுதானே.

"நிஜமாத்தான் சொல்றியா, நான் இல்லாட்டி உனக்குப் பரவாயில்லையான்னு மறுபடியும் கேட்டேன்," என்றாள் எங். "அதுக்கும் ஒரு 'ம்'. தலையை வேற ஆட்டின. முப்பத்தி நாலு வருஷம் கூட இருந்தவளை ஒரு 'ம்'ல அனுப்பி வெச்சுட்டியேன்னு குளியலறையில தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுதேன். அதுவும் உனக்குக் கேட்டிருக்காது."

"எங், நான்..."

"இரு, நான் முடிச்சுடறேன். நான் போனப்புறம் நீ அந்த வீட்ல தனியா உக்காந்திருப்ப. ஒரு பாட்டுச் சத்தமாவது இருக்கட்டும்னுதான் சனிக்கிழமை சனிக்கிழமை உன் பின்னாடி அலையறேன். படத்துக்கு வேணாம், பாட்டுக்குப் போதும்னு ஏன் சொன்னேன்னு நினைக்கற? படம் பாக்கறவ அங்க இருக்கப்போறதில்லையே, அதுக்குத்தான். நீயானா, உனக்கும் சேர்த்து, உனக்கும் சேர்த்துன்னு பாட்டுப் பாடிக்கிட்டே இருக்க. என்ன ஜென்மம்டா இது, போன்னும் சொல்லிட்டு, கூடவும் சேர்த்துக்கறானேன்னு எனக்கு ஒண்ணும் புரியல. கேக்கவும் தெம்பு இல்ல. நான் ரொம்பக் களைச்சுப் போயிட்டேன், கியாட்."

அவர் அவளைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே பை விழுந்திருந்தது. இந்த எட்டு மாதமும் அவர் அவளுடைய உதட்டைத்தான் பார்த்திருக்கிறார், என்ன சொல்கிறாள் என்று பிடிப்பதற்காக. முகத்தைப் பார்க்கவே இல்லை. தன் காதைக் காப்பாற்றுகிற மும்முரத்தில், இவளை இப்படித் தேய விட்டிருக்கிறோமே என்று அவருக்கு அழுகை முட்டியது. அறுபத்திரண்டு வயதில் ஸ்பீக்கர் கடையில் உட்கார்ந்து அழுவது பெரிய கேவலம் என்றும் தோன்றியது.

"நான் உன்கிட்டச் சொல்லியிருக்கணும்," என்றார். "நீ சொன்னதைக் கேக்காமக் கெடுத்துக்கிட்டேன். அந்த வெட்கம். வேற ஒண்ணும் இல்ல. எந்தப் பெட்டியைக் கேட்டாலும் எனக்கு ஒண்ணுதான், எங். பதினோரு ஜோடியும் ஒண்ணுதான். ஒவ்வொரு வாரமும் பொய் சொன்னேன்."

"கிழட்டு மடையா," என்றாள். கோபமாகத்தான் சொன்னாள், ஆனால் கை வந்து அவருடைய வலது காது மடலைப் பிடித்துக்கொண்டது. பள்ளிப் பிள்ளையின் காதைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்துத் திருகினாள். வலித்தது. வலி மட்டும் அந்தக் காதில் நன்றாகத் தெரிந்தது.

"டாக்டர் என்ன சொன்னாங்க? முழுசாச் சொல்லு."

சொன்னார். முதல் சில நாளிலேயே வந்திருந்தால் என்பதையும் விடாமல் சொன்னார். அவள் இன்னொரு தடவை திருகினாள். பிறகு விட்டுவிட்டு, பையிலிருந்து காகிதக் கைக்குட்டையை எடுத்துத் தனக்கொன்று வைத்துக்கொண்டு அவருக்கொன்று கொடுத்தாள்.

இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்புறம் எங் எழுந்து நாற்காலியை அவருடைய இடது பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்பக் கேக்கறேன்," என்றாள். "டிவி ஓடல, மழை பெய்யல. நான் அங்கேயே போய் இருந்துடட்டுமா?"

யி சுவானுக்கு வேலைக்குப் போக வேண்டும், குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்தது. பகலில் போய்விட்டுச் சாயங்காலம் வரலாம், நானும் கூட வருகிறேன், ரயிலில் அரை மணி நேரம்தானே என்றெல்லாம் சொல்லலாம். அதையெல்லாம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டார்.

"போகாத," என்றார்.

"என்னது?"

"போகாதன்னேன்."

"எனக்குச் சரியாக் கேக்கல," என்றாள் எங். "இன்னொரு தடவை சொல்லு."

அவர் சொன்னார். அந்தத் தடவை கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது போலிருக்கிறது. கதவை முதுகால் தள்ளித் திறந்துகொண்டு, கோப்பி ஊற்றிக் கட்டிய மூன்று பிளாஸ்டிக் பைகளுடன் உள்ளே வந்த மெல்வின் அங்கேயே நின்றுவிட்டான். உள்ளே வரலாமா, திரும்பிப் போகலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"வா தம்பி, வா," என்றாள் எங். மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவன் கையிலிருந்து பைகளை வாங்கினாள். "இந்த ஜோடியை எடுத்துட்டுப் போ. படத்துல ஒருத்தர் முணுமுணுத்தாக்கூடத் தெளிவாக் கேக்கற மாதிரி ஒரு ஜோடி கொண்டு வா. இனிமே நான் கேட்டுச் சொல்றேன்."

"அப்ப பாட்டுக்கு?" என்றான் மெல்வின், கியாட்டைப் பார்த்து.

"பாட்டுக்கும்தான்," என்றாள் எங். "வீட்ல ரெண்டு பேர் இருக்கோம்."